முறுமுறுப்பும் கண்டிப்பும்

சேலத்திலிருந்து கிழக்கே ஆத்தூர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், பாக்குத் தோப்புகளும் மரவள்ளி வயல்களும் சூழ அமைந்த ஊர் வாழப்பாடி. அதனையடுத்த காட்டுவேப்பிலைப்பட்டியில் 2020ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் பெரிய கிரிக்கெட் மைதானம் ஒன்று திறந்துவைக்கப்பட்டது. இந்திய அணியின் முன்னாள் தலைவர் ராகுல் திராவிட் அவ்விழாவுக்கு வந்திருந்தார். பின்னர் தமிழ்நாடு பிரீமியர் லீக் போட்டிகளும் அங்கு நடைபெற்றன. சேப்பாக்கம் மைதானத்தை ஒருமுறை கண்ணால் காண்பதே பெரும்பேறு என்று எண்ணியிருந்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள், இன்று மின்விளக்கொளியில் பளிச்சிடும் பசும்புல்லைத் தம் ஊரிலேயே காண்கின்றனர்.

அம்மைதானத்தில் நடந்த ஆட்டமொன்றை, அவ்வூரிலேயே வாழும் ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவரின் வீட்டில் அமர்ந்து தொலைக்காட்சியில் காணும் வாய்ப்பு எனக்கு ஒருமுறை கிட்டியது. அவர் தம் இளமையில் கல்லூரி அணிக்கும் மாவட்ட அணிக்கும் ஆடியவர். தம் ஊர் மைதானம் திரையில் தெரிவதைக் கண்டு முகம் மலர்ந்தார். அம்மலர்ச்சி மூன்று ஓவர்கள்கூட நீடிக்கவில்லை.

"இதெல்லாம் ஓர் ஆட்டமா தம்பி? காலை நகர்த்தத் தெரியவில்லை. இடது முழங்கையை உயர்த்தத் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு சுற்றுகிறான். நாங்கள் ஆடியது கிரிக்கெட். இவர்கள் ஆடுவது கூத்து."

அருகே அமர்ந்திருந்த பேரன், பதின்மூன்று வயதிருக்கும், ஒன்றும் பேசாமல் எழுந்து வெளியே போனான். பெரியவர் அதைக் கவனித்தாரோ இல்லையோ, நான் கவனித்தேன். அன்றிரவு முதல் என் மனத்தை ஒரு கேள்வி விடாமல் அரித்துக்கொண்டிருக்கிறது. மூத்தவர் இளையவரின் குறையைச் சொல்வது கடமையா, குற்றமா? அது எப்போது கண்டிப்பாகிறது? எப்போது வெறும் முறுமுறுப்பாகிவிடுகிறது?

கிரிக்கெட்டைச் சாக்காகக் கொண்டு இக்கேள்வியைச் சற்றே ஆராய்வோம். ஏனெனில், முன்னாள் ஆட்டக்காரர்கள் இந்நாள் ஆட்டக்காரர்களை இத்தனை இடைவிடாமல், இத்தனை கோடி மக்கள் செவிகொடுக்க விமரிசிக்கும் துறை நம் நாட்டில் வேறொன்று இருப்பதாகத் தெரியவில்லை.

ஏசியவரும் ஏசப்பட்டவரே

2024ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள், ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் டெஸ்ட் பந்தயம் நடந்துகொண்டிருந்தது. இந்திய அணி இக்கட்டில் இருந்தது. ரிஷப் பந்த், ஸ்காட் போலண்டின் பந்தைத் தலைக்குப் பின்னால் திருப்பியடிக்க முயன்று, 28 ஓட்டங்களில் பிடிகொடுத்து வெளியேறினார். வர்ணனைக் கூடத்திலிருந்த சுனில் கவாஸ்கர், 'முட்டாள்தனம்' என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொல்லை மும்முறை அடுக்கிக் கடிந்தார். அச்சொல் ஒரு நாளைக்குள் உலகெங்கும் பரவியது. ஆறு மாதங்கள் கழித்து, 2025 ஜூன் திங்களில், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் அதே பந்த் முதல் இன்னிங்ஸில் 134, இரண்டாவதில் 118 என இரு சதங்களை அடித்தார். இந்திய அணி அப்பந்தயத்தில் தோற்றது. எனினும் கவாஸ்கர், 'அருமை' என்னும் சொல்லையும் மும்முறை அடுக்கிப் பாராட்டத் தவறவில்லை.

கடிந்த கவாஸ்கரின் கதையைச் சற்றுப் பின்னோக்கிப் பார்ப்போமானால் வியப்புக்குரிய செய்தி ஒன்று கிட்டும். 1975 ஜூன் 7 அன்று, முதல் உலகக் கோப்பையின் தொடக்க நாளில், லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் இங்கிலாந்து 60 ஓவர்களில் 334 ஓட்டங்கள் குவித்தது. இந்தியாவின் தொடக்க ஆட்டக்காரராக இறங்கிய இளைஞர் கவாஸ்கர், 60 ஓவர்களும் நின்று, 174 பந்துகளைச் சந்தித்து, ஆட்டமிழக்காமல் எடுத்தது வெறும் 36 ஓட்டங்கள். அணி 132 ஓட்டங்களுடன் தோற்றது. அன்று அணியின் மேலாளராயிருந்த மூத்த ஆட்டக்காரர் ஜி.எஸ். ராம்சந்த், அவரை வெளிப்படையாகவே கடிந்துகொண்டார். தம் ஆட்டங்களுள் மிக மோசமானது அதுவே என்று கவாஸ்கரும் பின்னாளில் ஒப்புக்கொண்டார். ஆறாண்டுகள் கழித்து, 1981 பிப்ரவரியில், அதே மெல்போர்னில் நடுவரின் தீர்ப்பால் சினமுற்று, உடன் ஆடிய சேத்தன் சௌகானையும் அழைத்துக்கொண்டு மைதானத்தை விட்டே வெளியேற முற்பட்டவரும் அவரே. அதற்காகவும் பின்னர் வருந்தினார்.

இதை அவரைச் சிறுமைப்படுத்தச் சொல்லவில்லை. டெஸ்ட் ஆட்டத்தில் பத்தாயிரம் ஓட்டங்களை முதன்முதலில் கடந்த மாமனிதர் அவர். ஒருவர் மெதுவாக ஆடி ஏச்சு வாங்கினார். அவரே மற்றொருவரை வேகமாக ஆடியதற்கு ஏசினார். காலத்தின் இந்த வேடிக்கையில் நம் எல்லாரின் கதையும் அடங்கியிருக்கிறது. தந்தையின் முன் தலைகுனிந்து நின்ற மகன், ஒருநாள் தந்தையாகி, தன் மகனைத் தலைகுனிய வைக்கிறான். தான் அன்று நின்ற இடம் அவனுக்கு மறந்துவிடுகிறது.

கிரிக்கெட்டின் வரலாறே இத்தகைய முறுமுறுப்புகளின் வரலாறு எனலாம். கையைத் தாழ்த்தியே பந்து வீசிய காலத்தில், தோளளவு கையை உயர்த்துவது ஆட்டத்தைக் கெடுத்துவிடும் என்றனர் மூத்தோர். 1835இல் அது சட்டமாயிற்று. தோளுக்கு மேல் உயர்த்துவது ஆட்டத்தையே அழித்துவிடும் என்றனர் அடுத்தவர். 1864இல் அதுவும் சட்டமாயிற்று. 1971இல் ஒருநாள் ஆட்டமும், 1977இல் இரவு விளக்கும், பின்னர் வண்ண உடையும், 2003இல் இருபது ஓவர் ஆட்டமும் வந்தபோதெல்லாம் 'இனி கிரிக்கெட் இல்லை' என்னும் புலம்பல் எழுந்தது. கிரிக்கெட்டோ இன்னும் இருக்கிறது. நம் காட்டுவேப்பிலைப்பட்டி வரை வந்தும் விட்டது.

முற்காலம் இக்காலத்தைவிடச் சிறந்திருந்தது ஏன் என்று கேட்பது ஞானமன்று என்று விவிலியத்தின் சபை உரையாளர் நூல் எச்சரிக்கிறது. முற்காலம் சிறந்ததன்று என அந்நூல் சொல்லவில்லை. அக்கேள்வி ஞானத்திலிருந்து பிறப்பதில்லை என்றே சொல்கிறது. அப்படியாயின் அது எங்கிருந்து பிறக்கிறது?

புண் எங்கே இருக்கிறது?

காலையிலிருந்து வெயிலில் உழைத்த திராட்சைத் தோட்டத் தொழிலாளரின் உவமையை நாம் அனைவரும் அறிவோம். மாலையில் வந்து ஒரு மணி நேரமே உழைத்தவனுக்கும் அதே கூலி கொடுக்கப்பட்டபோது, முதலில் வந்தவர்கள் முறுமுறுத்தனர். முன்னாள் ஆட்டக்காரர்களின் கசப்பைப் புரிந்துகொள்ள இதைவிடப் பொருத்தமான காட்சி இல்லை. சொல்லப்போனால், அவர்களின் நிலை இன்னும் கடினமானது. மாலையில் வந்தவனுக்குக் கிடைப்பது அதே கூலியன்று, பன்மடங்குக் கூலி.

1983இல் கபில்தேவ் தலைமையில் இந்தியா உலகக் கோப்பையை வென்றபோது, வென்றவர்களுக்குப் பரிசளிக்கக் கிரிக்கெட் வாரியத்திடம் போதிய பணமில்லை. லதா மங்கேஷ்கர் டெல்லியில் இசை நிகழ்ச்சி நடத்தித் திரட்டிய நிதியிலிருந்தே ஆளுக்கு ஓர் இலட்சம் ரூபாய் வழங்கப்பட்டது. இன்றோ ஒரே ஏலத்தில் ஓர் இளைஞரின் விலை கோடிகளில் எழுகிறது. ஐ.பி.எல். போட்டிகளின் 2023 முதல் 2027 வரையிலான ஒளிபரப்பு உரிமை 2022 ஜூன் திங்களில் 48,390 கோடி ரூபாய்க்கு விலைபோனது. அதே திங்களில்தான் முன்னாள் ஆட்டக்காரர்களுக்கான மாத ஓய்வூதியமும் உயர்த்தப்பட்டது. முதல்தர ஆட்டக்காரர்களுள் 15,000 ரூபாய் பெற்றுவந்தோர் 30,000 ரூபாய் பெறலாயினர். உயர்வு நல்லதே. ஆனால் இவ்விரு தொகைகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும் ஒரு முதியவரின் உள்ளத்தில் என்ன எழும் என்பதை நாம் ஊகிக்க வேண்டியதில்லை.

புனித ஆசீர்வாதப்பராகிய பெனடிக்ட் தம் துறவியருக்கு வகுத்த ஒழுங்குநூலில் முறுமுறுப்பை மீண்டும் மீண்டும் கண்டிக்கிறார். அதே நூலில் மற்றொரு குறிப்பும் உண்டு. துறவியர் நியாயமான காரணத்தோடு முறுமுறுக்க இடமில்லாதவாறு தலைவர் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்த வேண்டும் என்கிறார். முறுமுறுப்பு தீது என்று சொன்னவரே, நியாயமான முறுமுறுப்பும் உண்டு என்பதை ஏற்றுக்கொண்டார்! நம் வீடுகளிலும் முதியவர் ஒருவர் ஓயாமல் எதையேனும் குறைசொல்லிக்கொண்டிருந்தால், 'வயதாகிவிட்டது, புலம்புகிறார்' என்று ஒதுக்கிவிடுகிறோம். அவருடைய சோற்றில் உப்பில்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். அவரிடம் ஒருவரும் உட்கார்ந்து பேசுவதில்லை என்பது அதனினும் பெரிய உண்மையாக இருக்கலாம்.

ஆகவே, குறைசொல்பவரைக் கண்டவுடன் 'பொறாமை' என்று தீர்ப்பிடுவது எளிது, நீதியன்று. புண் எங்கே இருக்கிறது என்று பார்ப்பதே நீதி.

ஒரே நாவின் இரு செயல்கள்

பிஷன் சிங் பேடியின் வாழ்வு நம் கேள்விக்கு நல்லதோர் உரைகல். 2023 அக்டோபரில் காலமான அவர், தம் காலத்தின் ஈடற்ற இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர். எதையும் அஞ்சாமல் பேசியவர். 1977 ஜனவரியில் சென்னைச் சேப்பாக்கத்தில் நடந்த டெஸ்டில், இங்கிலாந்தின் ஜான் லீவர் நெற்றியில் வாசலின் தடவிய துணிப்பட்டையோடு பந்துவீசியதைக் கண்டு, பந்தின் பளபளப்பைக் கூட்ட அது உதவுகிறது என வெளிப்படையாகக் குற்றஞ்சாட்டினார். கண்ணில் வியர்வை வழியாதிருக்கவே அது என்று எதிர்த்தரப்பினர் விளக்கம் தந்தனர். பேடி அப்போது இங்கிலாந்தின் நார்த்தாம்டன்ஷயர் அணியிலும் ஆடிவந்தார். அப்பேச்சே தம் ஒப்பந்தத்தைப் பறித்தது என்று அவர் இறுதிவரை நம்பினார். தமக்கு இழப்பு நேருமென அறிந்தும் வாய்திறந்தவரின் சொல்லுக்கு ஒரு கனம் உண்டு.

அதே பேடி, இலங்கையின் முத்தையா முரளிதரனை விமரிசித்தபோது, பந்துவீச்சாளர் என்றே ஏற்க மறுத்து, ஈட்டி எறிபவர் என ஏளனம் செய்தார். முரளிதரன், தேயிலைத் தோட்டங்களில் உழைக்கத் தமிழகத்திலிருந்து சென்ற குடும்பத்தின் பேரன். கண்டி மாநகரின் புனித அந்தோனியார் கல்லூரியில், ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகள் தோற்றுவித்த கத்தோலிக்கப் பள்ளியில் பயின்றவர். பிறவியிலேயே அவரது முழங்கை முழுவதும் நிமிராதது. 1995 டிசம்பர் 26 அன்று, மெல்போர்னில் நடுவர் டாரல் ஹேர் ஏழு முறை அவர் பந்தை எறிவதாக அறிவித்தார். பின்னர் அவரது கை ஆய்வுக்கூடங்களில் பலமுறை சோதிக்கப்பட்டது. பெரும்பாலான பந்துவீச்சாளர்களின் முழங்கை ஓரளவு நிமிரத்தான் செய்கிறது என்பது நுண்படக் கருவிகளால் தெரியவந்தபின், 2005இல் பதினைந்து பாகை வரை அனைவர்க்கும் பொதுவாக அனுமதிக்கப்பட்டது. முரளிதரன் 2010இல் 800 விக்கெட்டுகளோடு டெஸ்ட் ஆட்டத்திலிருந்து விடைபெற்றார். பேடியின் ஏளனமோ ஓயவில்லை.

முரளிதரனின் கையைப்பற்றி ஐயம் எழுப்பியதில் தவறில்லை. சட்டம் எல்லார்க்கும் ஒன்றே என்று வாதிட்டதிலும் தவறில்லை. ஒரு செயலைப்பற்றிய ஐயத்தை ஒரு மனிதரின் பெயராகவே மாற்றியதுதான் தவறு. 'இச்செயல் பிழை' என்பது கண்டிப்பு. 'நீயே பிழை' என்பது ஏளனம். ஒரே நா, தனக்கு இழப்பு நேரக்கூடிய இடத்தில் சாட்சியாக நின்றது. இழப்பதற்கு ஒன்றுமில்லாத இடத்தில் காயப்படுத்தியது. நம் நாவும் பெரும்பாலும் அப்படித்தானே?

சின்னப்பம்பட்டிக்காக எழுந்த குரல்

இனி நம் மாவட்டத்துக்கே திரும்புவோம். சேலத்துக்கு மேற்கே உள்ள சின்னப்பம்பட்டியில், தறியில் கூலிவேலை செய்த தந்தைக்கும் சாலையோரம் கோழிக்கறிக் கடை நடத்திய தாய்க்கும் மகனாக 1991இல் பிறந்தவர் தங்கராசு நடராஜன். டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்த அவர், 2015 ஜனவரியில் தமிழ்நாட்டு அணிக்காக ரஞ்சிக் கோப்பையில் முதன்முறை களமிறங்கினார். உடனேயே அவரது பந்துவீச்சு முறை ஐயத்துக்குரியது என அறிவிக்கப்பட்டது. முரளிதரன் மீது எழுந்த அதே ஐயம்! இருபத்து மூன்று வயது இளைஞருக்கு, அதுவும் பின்புலம் ஏதுமற்றவருக்கு, கதை அங்கேயே முடிந்திருக்கலாம்.

முடியாதிருந்ததற்குக் காரணம், சுனில் சுப்பிரமணியம் முதலான தமிழகத்தின் முன்னாள் ஆட்டக்காரர்கள் சிலர். அவர்களும் குறையைக் கண்டவர்களே. 'உன் கை சரியில்லை' என்று சொன்னவர்களே. ஆனால் பயிற்சிக் கூடத்தில், அருகில் நின்று, கையைத் தொட்டுத் திருத்திச் சொன்னார்கள். மீண்டு வர அவருக்கு ஓராண்டுக்கும் மேலாயிற்று. 2016இல் தமிழ்நாடு பிரீமியர் லீக், 2017இல் மூன்று கோடி ரூபாய்க்கு ஐ.பி.எல். ஏலம், 2020இல் இந்திய அணி என அதன் பின் நடந்தது ஊரறிந்த செய்தி.

உன் சகோதரன் தவறு செய்தால் முதலில் அவனிடம் தனியே சென்று எடுத்துக்காட்டு என்பது நற்செய்தி நமக்குக் காட்டும் வழி. நூற்றாண்டுகளாகத் திருச்சபை 'சகோதரத் திருத்தம்' என்று போற்றி வந்துள்ள அறம் அது. அதன் உயிர் 'தனியே' என்னும் அச்சொல்லில் இருக்கிறது. தனியே சொல்பவன் மற்றவன் திருந்த வேண்டுமென்று விரும்புகிறான். கூட்டத்தின் நடுவே சொல்பவன், பல வேளைகளில், தான் சொன்னதைக் கூட்டம் கேட்க வேண்டுமென்றே விரும்புகிறான்.

ஆனால் பலரறியச் சொல்லியே ஆகவேண்டிய வேளைகளும் உண்டு. 2020ஆம் ஆண்டின் இறுதியில் அப்படியொரு வேளை வந்தது. வலைப்பயிற்சியில் பந்துவீசுவதற்கென நடராஜன் ஆஸ்திரேலியா அழைத்துச் செல்லப்பட்டிருந்தார். அதற்குச் சற்றுமுன், ஐக்கிய அரபு நாடுகளில் ஐ.பி.எல். இறுதிக் கட்டத்தை எட்டியிருந்தபோது, ஊரில் அவருக்கு முதற்குழந்தை பிறந்திருந்தது. வீட்டுக்கு வராமலேயே நேராக ஆஸ்திரேலியா சென்றார். அதே பயணத்தில் அணித்தலைவர் விராட் கோலிக்கு, தம் முதற்குழந்தையின் பிறப்பையொட்டி முதல் டெஸ்டுக்குப்பின் நாடு திரும்ப விடுப்பு வழங்கப்பட்டது. அது முறையான விடுப்பே. எனினும், ஒருவருக்குக் கேளாமல் புரிவதும் மற்றொருவரால் கேட்கவே முடியாததும் ஏன்? இக்கேள்வியைப் பத்தியொன்றில் எழுப்பியவர், எல்லாவற்றுக்கும் குறைசொல்பவர் என்று இளைஞர்கள் சலித்துக்கொள்ளும் அந்தக் கவாஸ்கரே! புதியவராதலால் நடராஜன் வாய்திறக்க இயலாது என்பதையும் அவர் சுட்டிக்காட்டினார்.

சின்னப்பம்பட்டிப் பிள்ளைக்காகப் பேச அன்று அணிக்குள் எவரேனும் இருந்தனரா என்று நாம் அறியோம். வெளியே இருந்து ஒரு கிழவரின் குரல் எழுந்தது. பதவியும் ஒப்பந்தமும் தேவைப்படாத வயது, அச்சமின்றிப் பேசும் வயது. முதுமையின் கடுகடுப்பை முற்றிலும் துடைத்துவிட்டால், இத்தகைய குரலையும் சேர்த்தே துடைத்துவிடுவோம். நடராஜன் அப்பயணத்தில் மூவகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். 2021 ஜனவரி 15 அன்று பிரிஸ்பேனில் தொடங்கிய டெஸ்டின் முதல் இன்னிங்ஸில் மூன்று விக்கெட்டுகள் வீழ்த்தினார். அத்திங்களில் ஊர் திரும்பியபோது, சின்னப்பம்பட்டி அவரைத் தேரிலேற்றி வரவேற்றது. மகளை அவர் கைகளில் ஏந்தியது அதன் பின்னரே.

நடராஜன் அதன்பின் என்ன செய்தார் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. முழங்கால் அறுவையும் பிற காயங்களும் அவரைத் தொடர்ந்தன. பிரிஸ்பேனுக்குப் பின் மற்றொரு டெஸ்ட் அவருக்கு வாய்க்கவில்லை. முறுமுறுக்க அவருக்கும் காரணம் உண்டு. அவரோ தம் ஊரில் ஒரு மைதானம் அமைத்தார். 2023 ஜூன் திங்களில் அது திறக்கப்பட்டது. தமக்கு முன்னே சென்றவர்கள் தம் கையைத் தொட்டுத் திருத்தியதற்கு, பின்னே வருபவர்கள் கால்வைக்க ஒரு நிலம் தந்தார்.

கவாஸ்கர் மந்தமாக ஆடிய அந்த 1975 ஆட்டத்தில் இந்திய அணித்தலைவராயிருந்தவர் நம் தமிழர் எஸ். வெங்கட்ராகவன். அவர் 57 டெஸ்டுகளில் ஆடி ஓய்ந்தபின் நடுவராகி, 1993 முதல் 2004 வரை 73 டெஸ்டுகளில் நின்றார். முன்னாள் ஆட்டக்காரர் ஒருவர் இளையோரின் ஆட்டத்தைத் தீர்ப்பிட்டே தீரவேண்டுமெனில், நாள் முழுதும் அவர்களோடு அதே வெயிலில் நின்று தீர்ப்பிடலாம் என்பதற்கு அவர் வாழ்வு சான்று.

சொன்ன இடம்

வாழப்பாடிப் பெரியவரிடம் இச்செய்திகளையெல்லாம் ஒருநாள் பேசிக்கொண்டிருந்தேன். நடராஜனின் கை திருத்தப்பட்ட கதையைச் சொன்னபோது அவர் நெடுநேரம் மௌனமாயிருந்தார். பின்னர்த் தாமாகவே சொன்னார்.

பல ஆண்டுகளுக்கு முன், பள்ளிகளுக்கிடையிலான ஆட்டமொன்றில் அவருடைய மாணவன் ஒருவன் மிகுந்த வேகத்துடன் பந்து வீசினானாம். கை சற்றே மடங்கியது. இரு பள்ளிகளின் பிள்ளைகளும் ஆசிரியர்களும் கேட்க, "டேய், நீ பந்து போடுகிறாயா, மாங்காய் அடிக்கிறாயா?" என்று இவர் எல்லைக்கோட்டிலிருந்து கத்தினார். எல்லாரும் சிரித்தனர். அவனும் சிரித்தான். அந்த ஓவரை முடித்துப் பந்தை நடுவரிடம் கொடுத்தான். மறுநாள் மைதானத்துக்கு வரவில்லை. அதன்பின் ஒருநாளும் வரவில்லை.

"நான் சொன்னதில் தப்பில்லை தம்பி. அவன் கை மடங்கத்தான் செய்தது. சொன்ன இடம் தப்பு. அவன் சிரித்தானே, அதைப் பார்த்து, அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று நானும் இருந்துவிட்டேன்."

அவர் குரல் தழுதழுத்தது. தொலைக்காட்சியின் முன் அவர் கொட்டும் கடுஞ்சொற்களுக்கெல்லாம் ஊற்று எங்கே என்பது எனக்கு அன்று ஓரளவு விளங்கிற்று. நாம் அதிகம் கடிந்துகொள்வது பிறரை என்று தோன்றுகிறது. பல வேளைகளில் நம்மையே கடிந்துகொள்கிறோம்.

அன்பு வாசகரே, எஸ்ரா நூலில் ஒரு காட்சி வருகிறது. இடிந்த ஆலயத்துக்கு மீண்டும் அடித்தளமிட்ட நாளில், முந்திய ஆலயத்தைக் கண்ணால் கண்டிருந்த முதியோர் உரத்த குரலில் அழுதனர். அதனைக் காணாத இளையோர் மகிழ்ச்சியால் ஆர்ப்பரித்தனர். அழுகை எது, ஆர்ப்பரிப்பு எது என்று எவராலும் பிரித்தறிய இயலவில்லை என்கிறது அந்நூல். அழுதவர்களை அங்கு எவரும் கடிந்துகொள்ளவில்லை. ஆர்ப்பரித்தவர்களையும் எவரும் அடக்கவில்லை. இருசாராரும் ஒரே அடித்தளத்தின் முன் நின்றிருந்தனர், அதுதான் முதன்மையானது.

முதியோரே, நம் நாட்களின் அழகு உண்மையானதே. அது மறைந்ததற்காக அழுவதில் வெட்கமில்லை. ஆனால் அழுகையைத் தீர்ப்பாக உருமாற்றி இளையோரின் தலையில் சுமத்த வேண்டாம். குறை கண்டால் அருகில் சென்று சொல்வோம். நிறை கண்டால், குறையைச் சொன்ன அதே உரத்த குரலில் அதையும் சொல்வோம். நம் சொல்லால் நமக்கு ஏதேனும் இழப்பு உண்டா என்று ஒருமுறை கேட்டுக்கொள்வோம். இழப்பே இல்லாத வீரம் பெரும்பாலும் வீரமன்று. இளையோரே, கடுகடுக்கும் குரலைக் கேட்டவுடன் எழுந்து போய்விட வேண்டாம். ஒருநாள் நீங்கள் வாய்திறக்க இயலாத இடத்தில், உங்களுக்காக எழும் ஒரே குரல் அதுவாகவும் இருக்கலாம்.

அண்மையில் ஒரு ஞாயிறு மாலை அவர் வீட்டுக்குச் சென்றேன். தொலைக்காட்சியில் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது, நாற்காலி காலியாயிருந்தது. "இரண்டு பேரும் பின்னால் இருக்கிறார்கள்" என்றார் அவர் மருமகள். பாக்கு மரங்களுக்கிடையே இருந்த வெற்றிடத்தில் பேரன் டென்னிஸ் பந்தை வீசிக்கொண்டிருந்தான். பெரியவர் கைத்தடியை ஊன்றி அவன் பக்கத்தில் நின்றிருந்தார். அவர் ஏதோ சொன்னார், அவன் தலையசைத்தான். என்ன சொன்னார் என்பது நான் நின்ற இடத்துக்குக் கேட்கவில்லை.